ஆளில்லா நேரத்து மின்சாரம்: கிழக்குக் கரையோரப் பல்கலைக்கழகக் கட்டடமொன்றின் நிகழ்வு ஆய்வு

வெள்ளிக்கிழமை பகல் 12.30. ஜும்ஆவுக்காக விரிவுரைகள் நின்று, வளாகம் கலைந்து போகும் நேரம். பல்கலைக்கழக மின்மானிக்கு முன்னால் நின்று பார்க்க வாரத்தில் இதைவிட நல்ல நேரம் கிடையாது. 11 மணிக்கு ஓடிய சுமையில் பாதியாவது இப்போது இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லையென்றால் விளக்கும் ஏசியும் பூட்டிய அறைகளுக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன. எவ்வளவு வீணாகிறது என்பதை ஒரு ரூபாயும் செலவழிக்காமல் அறிந்துகொள்ள இந்த ஒரு மணி நேரம் போதும்.

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வளாகங்களில் மின்சேமிப்பு என்றதும் பேச்சு நேரே கூரைச் சூரியத் தகடுக்குப் போய்விடுகிறது. அது தேவையானதுதான். ஆனால் வரிசையில் கடைசியாக வரவேண்டியது. ஏன் என்பதைக் கணக்கோடு பார்க்கலாம்.

எடுத்துக்கொண்ட கட்டடம்

வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமானது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1996இல் உருவானது. இப்படிப் படிப்படியாக வளர்ந்த வளாகத்தில் கட்டடங்கள் ஒரே காலத்தில் எழுவதில்லை. லூவர் கண்ணாடி யன்னலும் சீற் கூரையுமான பழைய தொகுதி ஒரு பக்கம், அலுமினியச் சட்டமும் பொய்க்கூரையுமான புதிய தொகுதி மறுபக்கம். பழையதில் பிற்காலத்தில் ஏசி பொருத்தப்பட்டிருக்கும். புதியதில் யன்னலைத் திறக்கவே வழியிருக்காது.

கீழே வரும் எண்கள் எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டியலிலிருந்தும் எடுத்தவை அல்ல. இந்தக் கரையில் வழக்கமாகக் காணும் இரண்டு மாடி விரிவுரைத் தொகுதி ஒன்றை மாதிரியாக வைத்து, உபகரணங்களின் வாட்டையும் ஓடும் நேரத்தையும் பெருக்கிப் போட்ட கணக்கு. அவரவர் கட்டடத்தின் எண்ணிக்கையை இதே இடங்களில் வைத்தால் அவரவர் விடை வரும்.

தொகுதியில் காந்தச் சோக்குடன் கூடிய 36 வாட் டியூப் லைட் 120. சோக் தின்பதையும் சேர்த்தால் ஒன்றுக்கு 46 வாட், மொத்தம் 5.5 கிலோவாட். 75 வாட் மின்விசிறி 60, 4.5 கிலோவாட். 24,000 பிடியு (குளிர்விக்கும் திறனின் அளவு) ஏசி 10, ஒவ்வொன்றும் 2.4 கிலோவாட், விரிவுரையாளர் அறைகளில் 12,000 பிடியு ஏசி 12, ஒவ்வொன்றும் 1.15 கிலோவாட், ஏசி மட்டும் 37.8 கிலோவாட். கணினி 50, ஒன்று 90 வாட் என 4.5 கிலோவாட். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 52 கிலோவாட், அதில் 72 வீதம் ஏசி.

வேலைநாளில் 8 மணி நேரம் என்று வைப்போம். விளக்கும் விசிறியும் அந்த நேரத்தில் 70 வீதமும், கணினி 60 வீதமும், ஏசியின் கம்பிரசர் 65 வீதமும் ஓடினால் நாளொன்றுக்கு 274 அலகு (கிலோவாட் மணி). மாதம் 22 வேலைநாளுக்கு ஏறத்தாழ 6,035. இதோடு, ஆளில்லாதபோதும் நிற்காமல் ஓடும் சுமை ஒன்று உண்டு: வலையமைப்புப் பெட்டிகள், யூபிஎஸ், தண்ணீர்க் குளிரூட்டி, குளிர்சாதனப் பெட்டி, நடைபாதை விளக்கு, மறந்துபோன ஓரிரு ஏசி. அதை 2.5 கிலோவாட் என்று வைத்தால் பெரிதாகத் தெரியாது. ஆனால் 30 நாள் மாதத்தில் 720 மணி. வேலை நேரம் 176 மணி. மிச்சம் 544 மணி. 2.5 கிலோவாட் அத்தனை மணியும் ஓடினால் 1,360 அலகு. ஆக, தொகுதியின் மாதச் செலவு 7,395 அலகு.

மாதத்தின் முக்கால் பங்கு நேரம் கட்டடத்தில் யாரும் இல்லை என்பதை முதலில் மனதில் வைக்கவேண்டும்.

நான்கு வாசிப்புகள்

உபகரணம் எதுவும் வாங்குவதற்கு முன் மின்மானியை நான்கு தருணங்களில் வாசிக்க வேண்டும்: வேலைநாள் இரவு 10 மணி, அதற்கடுத்த அதிகாலை 5 மணி, வெள்ளிக்கிழமை 12.30 முதல் 1.30 வரை, ஞாயிறு நண்பகல். இரண்டு வாரம் தொடர்ந்து எடுத்தால் போதும்.

பெரிய இணைப்புகளில் மின்மானி நேரடியாக மின்னோட்டத்தை அளப்பதில்லை. இடையில் அதைச் சிறிதாக்கித் தரும் மின்னோட்ட மாற்றி இருக்கும். அதன் விகிதம் 200/5 என்றால் பெருக்கெண் 40. இரவு 10 மணிக்கும் காலை 5 மணிக்கும் இடையில் மானி 4.2 ஏறியிருந்தால், 4.2 × 40 = 168 அலகு; 7 மணி நேரத்தால் வகுத்தால் 24 கிலோவாட். விடுதி சேராத இணைப்பில் நள்ளிரவில் 24 கிலோவாட் ஓடுகிறதென்றால் அதற்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும். சில மானிகள் பெருக்கிய எண்ணையே காட்டும். சந்தேகமானால் கடந்த மாதப் பட்டியலில் உள்ள இரண்டு வாசிப்புகளின் வித்தியாசத்தையும் அறவிட்ட அலகையும் ஒப்பிட்டால் பெருக்க வேண்டுமா, வேண்டாமா என்பது தெரிந்துவிடும்.

இரவுச் சுமை அதிகமாக இருந்தால் அடுத்த வேலை பிரேக்கர் தேடல். பராமரிப்புப் பிரிவில் இருவர், காவல் ஊழியர் ஒருவர், ஒரு கிளாம்ப் மீட்டர் (வயரை வெட்டாமல் கவ்விப் பிடித்து ஆம்பியரை அளக்கும் கருவி). ஒருவர் பிரதான பலகையில் நின்று ஒவ்வொரு கிளையின் ஆம்பியரையும் வாசிக்க, மற்றவர் அந்தக் கிளை போகும் மாடியில் ஏறிப் பார்க்க வேண்டும். கிளையை அணைத்துப் பார்க்கும் ஆசை வரும். அதை அடக்கிக்கொள்ள வேண்டும். மைனஸ் 80 பாகை உறைகலன், சேவையகம், தீ அபாயமணி, கண்காணிப்புக் கமரா, விலங்குக் கூடம் ஆகியவை எந்தக் கிளையில் தொங்குகின்றன என்று பலகையில் எழுதியிருப்பது அரிது. எழுதியிருந்தாலும் நம்பத்தகுந்தது அரிதினும் அரிது. ஆண்டுக்கணக்காகச் சேர்த்த ஆய்வு மாதிரிகள் ஓரிரவில் உருகிப்போனால், அதன்பின் அந்த வளாகத்தில் மின்சேமிப்பு என்ற சொல்லையே எடுக்க முடியாது. கிளாம்ப் மீட்டர் அணைக்காமலே பதில் தரும்.

அப்படியே பட்டியலையும் ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும். பெரிய இணைப்புகளுக்கு அலகுக்கு ஒரு கட்டணம், மாதத்தின் உச்சக் கேள்விக்கு கேவிஏ (வளாகம் இழுக்கும் மொத்த மின்திறன்) கணக்கில் இன்னொரு கட்டணம். உச்சக் கேள்வி என்பது மாதத்தில் பதிவான ஆகக் கூடிய 15 நிமிடச் சராசரி. ஏசிகளை ஒன்றாகப் போட்டால் தொடக்க மின்னோட்டம் பாய்ந்து உச்சக் கேள்வி ஏறும் என்று பலர் நம்புகிறார்கள். அது சில விநாடி விடயம். 15 நிமிடச் சராசரியில் அதன் சுவடே தெரியாது. ஏறுவது வேறு காரணத்தால்: காலை 8 மணிக்கு எல்லா அறையும் சூடாக இருக்கும்போது எல்லாக் கம்பிரசரும் ஒரு மணி நேரம் இடைவிடாமல் ஓடுகின்றன. மாடிக்கு மாடி அரை மணி இடைவெளி விட்டுப் போட்டால் அந்த முகடு தணியும். பட்டமளிப்பு விழா நாளில் வாடகை ஏசியும் அலங்கார விளக்கும் சேர்ந்து மாதம் முழுவதற்குமான உச்சத்தை ஒரே மத்தியானத்தில் எழுதிவிட்டுப் போவதும் உண்டு. அன்றைக்கு நீர்ப்பம்பிகளை விடிகாலைக்குத் தள்ளி வைப்பது எளிது. நேர விலை உள்ள இணைப்பாக இருந்தால் மாலை 6.30 முதல் 10.30 வரை உள்ள உச்ச நேரத்திலும் பம்பிகள் ஓடக்கூடாது.

ஏசி

சுமையில் 72 வீதம் என்பதால் இங்கேதான் நின்று நிதானிக்க வேண்டும்.

முதலில் நேரம். ஒரு விரிவுரை மண்டபத்தில் 8 மணி நேரத்தில் 5 மணி நேரம் வகுப்பு. மிச்சம் 3 மணி நேரம் காலி. ஏசி இடையில் நிற்பதில்லை. "பிறகு வகுப்பு இருக்குத்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். பெரிய ஏசி 10க்கும் இந்த 3 மணி நேரத்தைக் கணக்கிட்டால் 24 × 3 × 0.65, நாளுக்கு 47 அலகு, மாதம் 1,030. நேர அட்டவணையைத் தயாரிக்கும்போதே ஒரு மண்டபத்தின் வகுப்புகளைத் தொடராக அடுக்கினால் இதில் பெரும்பகுதி தானாகவே போய்விடும். மின்சேமிப்பில் ஆகப் பயனுள்ள உத்தியோகத்தர் பெரும்பாலும் மின்பொறியியலாளர் அல்ல, நேர அட்டவணை போடுபவர்.

அடுத்தது வெப்பநிலை. ரிமோட்டை 16இல் வைத்தால் அறை சீக்கிரம் குளிராது. நிலையான வேகக் கம்பிரசர் 16இலும் 24இலும் ஒரே வேகத்தில்தான் ஓடும். எப்போது நிற்கும் என்பது மட்டுமே மாறும்; 16இல் வைத்தால் நிற்கவே நிற்காது. 26 பாகையில் வைத்து மேல் விசிறியை மெல்ல ஓடவிடுவதே சரி. காற்று விநாடிக்கு 0.8 மீற்றர் வேகத்தில் உடலில் பட்டால் ஏறத்தாழ 3 பாகை குறைந்ததுபோல இருக்கும். ஏசி போட்ட அறையில் விசிறியை நிறுத்தும் பழக்கம் தலைகீழானது. ஒரு பாகை உயர்த்தினால் 3 முதல் 6 வீதம் குறையும் என்பது பொதுவான மதிப்பீடு. 20இலிருந்து 26க்கு வந்தால் 20 வீதம் என்று அடக்கமாக வைப்போம். காலி நேரத்தை நீக்கியபின் மிஞ்சும் 3,295 அலகில் 659.

ஆனால் 26இல் வைத்தும் அறை குளிரவில்லை என்ற முறைப்பாடு வரும். அதற்குப் பெரும்பாலும் காரணம் ஏசி அல்ல. பொய்க்கூரைத் தட்டு ஒன்றைத் தூக்கி மேலே பார்க்க வேண்டும். பிரிப்புச் சுவர் பொய்க்கூரை மட்டத்தோடு நின்றுவிட்டால், மேலே எல்லா அறைக்கும் ஒரே வெளி. ஓர் அறையின் குளிர் நடைபாதைக்கும் பக்கத்து அறைக்கும் போகிறது. சீற் கூரையின் கீழ் அந்த வெளி மத்தியானத்தில் அடுப்புப் போலக் கொதிக்கும். சுவரைக் கூரைவரை உயர்த்துவதோ, தட்டுகளின் மேல் இருபக்க அலுமினியப் பூச்சுள்ள காப்புத் தாளை விரிப்பதோ புதிய ஏசி வாங்குவதைவிட மலிவு. லூவர் கண்ணாடிகள் என்றும் இறுக மூடாது. ஏசி போட்ட அறையில் அவற்றை நிலையான கண்ணாடியாக மாற்றியே ஆகவேண்டும்.

ஆட்களும் சூடுதான். அமர்ந்து படிக்கும் ஒரு மாணவர் ஏறத்தாழ 115 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறார். 80 பேர் உள்ள வகுப்பில் 9.2 கிலோவாட், அதாவது மணிக்கு 31,000 பிடியு, மனித உடல்களை மட்டும் குளிர்விக்க. 24,000 பிடியு ஏசி ஒன்றே உள்ள மண்டபத்தில் 80 பேரை இருத்திவிட்டு ரிமோட்டோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. அங்கே விசிறியும் திறந்த யன்னலும்தான் நேர்மையான தீர்வு.

இந்தக் கரைக்கே உரிய சிக்கல் இரண்டு. ஒன்று உப்பு. ஒலுவில் வளாகமும், கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் கடலுக்கு அருகில். வெளிப்பெட்டியின் அலுமினியத் தகடுகளில் உப்பும் தூசும் படிந்து, முதலில் வெப்பம் வெளியேறுவது குறையும். பிறகு தகடு பொடிந்து உதிரும். நல்ல தண்ணீரால், குறைந்த அழுத்தத்தில், உள்ளிருந்து வெளியே கழுவ வேண்டும். மாதம் ஒரு தடவை. உயர் அழுத்தப் பம்பியை நேரே பிடித்தால் தகடுகள் மடிந்து முன்னிருந்ததைவிட மோசமாகும். பூச்சுள்ள தகடு வேண்டும் என்று கேள்விமனுவிலேயே எழுத வேண்டும். வாங்கியபின் பூசுவது எளிதல்ல.

மற்றது கச்சான். யூன், யூலை மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் அந்த வறண்ட சுடுகாற்றுக்கு நேரே வெளிப்பெட்டியைப் பொருத்தினால், அதன் விசிறி காற்றை எதிர்த்துத் தள்ள முடியாமல் திணறும். தள்ளிய சூடு திரும்பி அதன் முதுகாலேயே உள்ளே போகும். மத்தியானம் 2 மணிக்கு ஏசி தானாக நின்று நின்று ஓடுவதாகச் சொல்லும் அறைகளில் வெளிப்பெட்டி மேற்குச் சுவரில்தானா என்று முதலில் பார்க்க வேண்டும். வடக்கு அல்லது தெற்குச் சுவருக்கு மாற்றுவது நல்லது; முடியாவிட்டால் வெளியேறும் காற்றை மேல்நோக்கித் திருப்பும் தகரத் தடுப்பு. கச்சான் தூசில் உள்வடிகட்டியையும் இரு வாரத்துக்கு ஒருமுறை கழுவவேண்டி வரும். மாரியில் சிக்கல் வேறு: வெளியே சூடு குறைவு, ஈரப்பதம் அதிகம். பெரிய ஏசி உடனே குளிர்வித்து நின்றுவிடும், அறை பிசுபிசுக்கும். அப்போது ரிமோட்டில் உள்ள உலர் முறை போதும்.

தானாக உயிர்க்கும் ஏசி

இரவுச் சுமைக்கு ஒரு காரணம் பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. இன்றைய ஏசிகளில் மின் வந்ததும் முன்பிருந்த நிலைக்குத் திரும்பும் வசதி உண்டு. வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு மின் போகிறது. வகுப்பு கலைகிறது, யாரும் ரிமோட்டை அழுத்துவதில்லை, ஏசிதான் நின்றுவிட்டதே. அறையைப் பூட்டுகிறார்கள். 6 மணிக்கு மின் வருகிறது. பூட்டிய அறைக்குள் ஏசி தானாக எழுந்து திங்கட்கிழமை வரை ஓடுகிறது. 2022 மார்ச் 31இல் 13 மணி நேரம் மின்வெட்டு அறிவிக்கப்பட்ட காலத்தில் இந்த வசதி என்ன செய்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இதற்கு மலிவான, நிச்சயமான வழி, மாடிக்கு ஒரு தொடுகை விசை. நீர்ப்பம்பிக்குப் போடும் அதே ஏற்பாடு: பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான், தன்னைத்தானே பிடித்து நிற்கும் கொன்டாக்டர் (மின்காந்தத்தால் மூடும் பெரிய சுவிச்சு). மின் போனால் அது விழுந்துவிடும். மின் வந்தாலும் ஒருவர் வந்து பச்சையை அழுத்தும்வரை எழாது. 24,000 பிடியு ஏசி 5 உள்ள மாடிக்கு 12 கிலோவாட். மூன்று கட்டத்திலும் சமமாகப் பிரித்தால் கட்டத்துக்கு 19 ஆம்பியர் அளவில். 5 ஏசி மூன்று கட்டத்தில் சமமாகப் பிரியாது, இரு கட்டத்தில் இரண்டிரண்டு விழும் என்பதால் 40 ஆம்பியர் நாற்துருவக் கொன்டாக்டர் எடுக்கலாம். வாராந்த நேரக்கருவி ஒன்றைத் தொடரில் சேர்த்து மாலை 4.30க்கு விடுவிக்க வைத்தால் மறதிக்கும் மருந்து. சேவையக அறையின் ஏசி இந்தக் கிளையில் சேரக்கூடாது. வயர் போடும்போது இது தவறுவது வழக்கம். ஒப்படைக்கும் நாளில் சிவப்பை அழுத்திவிட்டு அந்த அறைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அந்த அறையையும் 18 பாகைக்கு உறையவைக்க வேண்டியதில்லை. சேவையகங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் வீச்சு 18 முதல் 27 பாகை; 24 தாராளம்.

அசைவை உணர்ந்து அணைக்கும் உணரிகளைப் பலர் பரிந்துரைப்பார்கள். கழிவறைக்கும் நடைபாதைக்கும் சரி. விரிவுரை மண்டபத்தில் குறிப்பு எழுதிக்கொண்டு அசையாமல் இருக்கும் மாணவர்களை இருட்டில் தள்ளும். காலி அறையில் விசிறிக் காற்றுக்கு ஆடும் திரைச்சீலையை ஆள் என்று எண்ணும். ஒரு மாதத்துக்குள் யாராவது அதன்மேல் நாடா ஒட்டிவிடுவார்கள்.

இந்த ஏற்பாட்டாலும் பிரேக்கர் தேடலாலும் நிரந்தரச் சுமை 2.5இலிருந்து 1.2 கிலோவாட்டுக்கு இறங்கினால் 544 மணியில் 707 அலகு.

விளக்கும் விசிறியும்

46 வாட்டை 18 வாட் எல்இடி டியூப் ஆக்கினால் மாதம் 414 அலகு. 75 வாட் விசிறியை 30 வாட் பிஎல்டிசி (தூரிகையில்லா நேர்மின் மோட்டார்) விசிறியாக்கினால் 333. பழைய பொருத்தியில் காந்தச் சோக்கைக் கழற்றி, வயரை நேரே கொடுக்க வேண்டும். ஒரு முனையில் மின் கொடுக்கும் டியூபும் இரு முனையிலும் கொடுக்கும் டியூபும் ஒரே களஞ்சியத்தில் கலந்தால் பின்னர் மாற்றுபவர் குறுஞ்சுற்றில் மாட்டுவார். வளாகம் முழுவதற்கும் ஒரே வகையைத் தீர்மானித்துப் பொருத்தியிலும் எழுதி ஒட்ட வேண்டும். கேள்விமனுவில் வாட்டை மட்டும் எழுதினால் ஆக மலிவானது வரும். வாட்டுக்கு 110 லூமன், மின்திறன் காரணி (மொத்தக் கேவிஏயில் கிலோவாட்டின் பங்கு) 0.9, மின்னல் அலைத் தாங்குதிறன், மூன்று ஆண்டு உத்தரவாதம் ஆகியவற்றையும் எழுத வேண்டும். முதலில் ஒரே ஓர் அறையை மாற்றி, மேசை மட்டத்தில் 300 லக்ஸ் வருகிறதா என்று அளந்து பார்த்தபின் மற்றவை.

விசிறியில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. பழைய வேகக் கட்டுப்படுத்தியை அப்படியே விட்டுவிட்டுப் பிஎல்டிசி விசிறியை மாட்டினால் அதன் மின்னணுத் தகடு சீக்கிரம் பழுதாகும். கட்டுப்படுத்தியை நீக்கி நேரடி சுவிச்சாக்க வேண்டும். இரண்டாவது ரிமோட். ஒரே மண்டபத்தில் 12 விசிறிக்கும் ஒரே குறியீடு என்றால், ஒன்றைக் குறைக்கப் போய் எல்லாம் குறையும். ரிமோட்டும் அரையாண்டுக்குள் காணாமல் போகும். சுவர்க் கட்டுப்பாட்டு வகையே விரிவுரை மண்டபத்துக்கு உகந்தது.

ஆய்வுகூடத்தில் யாரும் எண்ணாத ஒன்று: தண்ணீர் வடிக்கும் கருவி. 3 கிலோவாட் கருவி மணிக்கு 4 லீற்றர் தருகிறது; லீற்றருக்கு 0.75 அலகு. நாளுக்கு 20 லீற்றர் என்றால் 15 அலகு, மாதம் 330. 60 விசிறிகளை மாற்றிக் கிடைப்பதும் இந்த ஒரு கருவி தின்பதும் ஏறக்குறைய ஒன்று! கண்ணாடிப் பாத்திரம் அலசுவதற்கெல்லாம் வடித்த நீர் வேண்டியதில்லை. அயன் நீக்கிய நீரோ எதிர்ச்சவ்வூடு பரவல் நீரோ போதும். மைனஸ் 80 உறைகலனை மைனஸ் 70க்கு மாற்றினால் அதன் செலவில் ஏறத்தாழக் காற்பங்கு குறையும். எந்த மாதிரிக்கு மைனஸ் 80 கட்டாயம் என்பதை அந்த ஆய்வாளரே சொல்லவேண்டும்.

கூட்டிப் பார்த்தால்: காலி நேர ஏசி 1,030, வெப்பநிலை 659, நிரந்தரச் சுமை 707, விளக்கு 414, விசிறி 333, மொத்தம் 3,143 அலகு. 7,395இல் 42 வீதம். இதில் முதல் மூன்றும் சேர்ந்து 2,396. அதாவது சேமிப்பில் முக்கால் பங்குக்கு ஓரிரு கொன்டாக்டரும் நேரக்கருவியும் தவிரக் கொள்முதல் எதுவும் இல்லை. விளக்கு மாற்றம்தான் படம் எடுத்துப் போட வசதியானது. அதனால்தான் முதலில் செய்யப்படுகிறது.

சூரியத் தகடு கடைசியில் ஏன்

இந்த மாவட்டங்களில் ஒரு கிலோவாட் தகடு ஆண்டுச் சராசரியில் நாளுக்கு 4 அலகு அளவில் தரும். கணக்குக் கவர்ச்சியானது. ஆனால் உச்சக் கேள்வியை அது எப்படித் தொடுகிறது என்று பார்ப்போம்.

வளாகத்தின் சுமை 100 கிலோவாட், மின்திறன் காரணி 0.8 என்று வைப்போம். அப்போது வினைச்சுமை (மோட்டாரும் சோக்கும் காந்தப்புலத்துக்காக இழுத்துத் திருப்பும் மின்திறன்) 75 கிலோவார். மொத்தம் 125 கேவிஏ. கூரையில் 60 கிலோவாட் உற்பத்தி. சூரிய இன்வெர்ட்டர் பொதுவாகக் கிலோவாட்டை மட்டும் தரும், கிலோவாரைத் தராது. மின்வலையமைப்பிலிருந்து எடுப்பது 40 கிலோவாட், 75 கிலோவார். வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 85 கேவிஏ. அலகு 60 வீதம் குறைந்தும் கேவிஏ 32 வீதமே குறைந்தது. மானியில் தெரியும் மின்திறன் காரணி 0.47 ஆகிவிட்டது. தகடு போட்டபின் காரணி கெட்டுவிட்டது என்று இன்வெர்ட்டரைக் குற்றம் சொல்வார்கள். கெட்டது எதுவும் இல்லை. முன்பிருந்த வினைச்சுமை வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். அதற்கும் மேலே, மாதத்தில் ஒரு நாள் 15 நிமிடம் கருமுகில் மூடினால் பழைய 125 கேவிஏக்கு அருகில் திரும்பப் பதிவாகிவிடும்.

வினைச்சுமையை அங்கேயே ஈடுசெய்யும் 60 கிலோவார் கப்பாசிட்டர் தொகுதி சேர்த்தால் அதே நேரத்தில் 40 கிலோவாட், 15 கிலோவார், 43 கேவிஏ. ஆனால் அதை நிலையாகப் போடக்கூடாது. இரவில் சுமை 10 கிலோவாட்டாக இறங்கும்போது மிகையாகி மறுபக்கம் சாயும். 10 கிலோவார் படிகளாகத் தானியங்கிக் கட்டுப்படுத்தியோடு வேண்டும். கட்டுப்படுத்தியின் மின்னோட்ட மாற்றி, சூரிய இணைப்புச் சேரும் இடத்துக்கு எந்தப் பக்கம் என்பதையும் வரைபடத்தில் பார்த்துப் பொருத்த வேண்டும். எல்இடியும் இன்வெர்ட்டரும் நிறைந்த வளாகத்தில் இசையலை (50 ஹேர்ட்ஸின் மடங்கான அதிர்வெண்) மின்னோட்டம் கப்பாசிட்டரை வீங்கவைக்கும். 7 வீதத் தடைச்சுருள் சேர்ந்த வகையே நிலைக்கும்.

இன்னொரு காரணம் விடுமுறை. ஏப்ரல் முதற் பாதியில் நண்பகற் சூரியன் இந்த மாவட்டங்களின் தலைக்கு நேர் மேலே வரும். அதே வேளை புத்தாண்டு விடுமுறையில் வளாகம் காலி. 2025 ஏப்ரல் புத்தாண்டுக் காலத்தில் நாட்டின் மின்தேவை விழுந்தபோது, கூரைச் சூரிய மின் இணைப்புகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. ஆகவே தகட்டின் அளவை வேலைநாள் உச்சத்துக்கு அல்ல, வீண்செலவைக் குறைத்தபின் மிஞ்சும் பகற்சுமைக்கு ஏற்பத் தீர்மானிப்பதே உசிதம். முதலில் தகடு போட்டுப் பிறகு சேமித்தால், தேவையைவிடப் பெரிய தொகுதி கூரையில் உட்கார்ந்திருக்கும்.

பொருத்துவதில் இரண்டு சொல்ல வேண்டும். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட ஊர் இது. சீற்றின் மேல் மட்டும் பிடித்த சட்டம் போதாது, கைமரத்திலோ இரும்புச் சட்டத்திலோ இறங்கிப் பிடிக்கவேண்டும். ஆணியும் மரையும் 316 தரக் கறையில் உருக்காக இருக்கட்டும். 304 உப்புக் காற்றில் துருப்புள்ளி காட்டும். தகட்டின் பிறகு கூரைக்கு ஏறுவது கடினம் என்பதால் ஒழுக்கு, காப்புத்தாள், வெள்ளைப்பூச்சு எல்லாம் அதற்கு முன் முடிந்திருக்க வேண்டும்.

திரும்ப அளத்தல்

வேலை முடிந்தபின் அதே நான்கு வாசிப்பு. மாதப் பட்டியலை மாதப் பட்டியலோடு ஒப்பிட்டால் பரீட்சைக் காலமும் மாரியும் கணக்கைக் குழப்பும், வெள்ளி 12.30ஐ வெள்ளி 12.30ஓடு, ஒரே பருவத்தில் ஒப்பிடுவது சுத்தம். தகடு பொருத்திய வளாகத்தில் மானி காட்டுவது சுமையல்ல: வாங்கியதோடு இன்வெர்ட்டர் உற்பத்தியைக் கூட்டி, கொடுத்ததைக் கழித்தால்தான் உண்மையான சுமை. இதைச் செய்யாவிட்டால் ஞாயிறு நண்பகலில் மானி பூச்சியத்தைக் காட்டும், பூட்டிய அறை ஏசிகள் அதன் நிழலில் நிம்மதியாக ஓடும்.

வாசிப்பு ஒரே மாதத்தில் திடீரெனப் பாதியானால் கொண்டாடுவதற்கு முன் பலகையைத் திறந்து மின்னோட்ட மாற்றியின் விகிதத்தைப் பார்க்க வேண்டும். 200/5 இருந்த இடத்தில் 400/5 மாற்றியிருந்தால் பெருக்கெண் இப்போது 80.